முன் பெஞ்சு

சென்ற மாதம் என் தம்பி மகள் என்னை ஒரு சிரிப்பு நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனாள். ஒரே ஒரு பையன், ஒரே ஒரு மைக். வேஷம் கிடையாது, பாட்டு கிடையாது. ஸ்டாண்ட் அப் காமெடி என்கிறார்கள். "முன் வரிசை வேணாம் அத்தை, அவன் நம்மளக் கலாய்ப்பான்" என்று பின்னால் இழுத்தாள். கலாய்க்கட்டுமே என்றுதான் நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பையன் கெட்டிக்காரன். என் வலப்பக்கத்து வழுக்கைத் தலையை விடவில்லை, இடப்பக்கத்துப் புதுத் தம்பதியை விடவில்லை. என்னிடம் வந்ததும் நரைத்த தலையைப் பார்த்தான், கையெடுத்துக் கும்பிட்டான், அடுத்த ஆளுக்குத் தாவிவிட்டான். கூட்டம் அதற்கும் கைதட்டியது. எனக்குச் சுருக்கென்றது.

"உனக்கு மரியாதை குடுத்தான் அத்தை" என்றாள் என் தம்பி மகள், வெளியே வரும்போது.

மரியாதையாம்! அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இதே மாதிரி ஒருவர் என்னை இரண்டு வருஷம், நாள் தவறாமல் தாண்டிப் போயிருக்கிறார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் நினைவுதான்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிது. முள்ளுக்காட்டைத் திருத்தி வரிசையாய்க் கம்பெனிகள் எழுந்துகொண்டிருந்தன. எங்களுடையது திருகாணி செய்யும் கம்பெனி. அதில் எடைமேசைக்காரர் அவர். திருகாணிகளை யாரும் எண்ண மாட்டார்கள், எடை போட்டுத்தான் பெட்டியில் கட்டுவார்கள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஆள், தெலுங்கு கலந்த பேச்சு. அதனால் எல்லோருக்கும் அவர் நைனா. குள்ளம். இடுப்பில் நிற்காத காக்கிக் கால்சட்டை. கதை சொல்லப் போகிறார் என்றால் முதலில் அந்தக் கால்சட்டையை இரண்டு கையாலும் ஒரு தூக்கு தூக்குவார். அவ்வளவுதான், கேன்டீனில் இருக்கிறவர்கள் எல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

கம்பெனிக்கு வருவதற்கு முன் அவர் கூத்தில் கட்டியங்காரன். ராஜா வருவதற்கு முன்னால் வந்து, ராஜா போன பின்னாலும் நின்று, ஊரையே சிரிக்க வைக்கிற கோமாளி. அறுபதுகளில் பொதட்டூர்பேட்டை முதல் திருப்பாச்சூர் வரை அவர் ஆடாத திருவிழா இல்லை என்பார்கள். அதை விட்டுவிட்டு வந்ததற்காக அவர் அழுததில்லை, பெருமூச்சு விட்டதும் இல்லை. கேட்டால் கணக்குச் சொல்வார்.

"கூத்துல ஒரு ராத்திரி பூரா டைம் இருந்துச்சி. ராஜா, மந்திரி, ராணி எல்லாரையும் வெச்சிக்கினு மெதுவா சொல்லலாம். பாசஞ்சர் வண்டில மூணு ஸ்டேஷன் தான். மந்திரியைத் தூக்கிட்டேன். கேன்டீன்ல அரை மணி நேரம். ராஜாவையும் தூக்கிட்டேன். இப்போ எதிர்ல குந்திக்கினு கீற ஆளு மட்டும் தான் மிச்சம். அந்த ஆளு போதும்பா."

எதிரில் ஓர் ஆள் இல்லாமல் அவரால் வாயைத் திறக்க முடியாது. அவருடைய பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். தனக்குத் தோன்றின வேடிக்கையை அந்தரத்தில் சொல்ல மாட்டார். யார் மேலாவது ஏற்றித்தான் சொல்வார். ஒரு நாள் காலை வேலைக்குப் போகும்போது, மழையில் பொன்னேரி தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. பெட்டியில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல், சம்பளம் பிடிப்பார்களே என்று. யார் முகமும் சரியில்லை. நைனா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் ஒரு கிழவியின் காலடியில் கட்டியிருந்த ஆட்டுக்கு எதிரே போய்க் குந்தினார். கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு, "நீயும் டிக்கெட் வாங்கலியா?" என்று ஆரம்பித்தார். ஆடு திருட்டு ரயில் ஏறிச் சினிமாவில் நடிக்கப் போகிற கதை. வண்டி நகர்ந்தது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கதை சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்து நான் பார்த்ததில்லை.

பெட்டியில் நானும் சிரித்தேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. ஆட்டை வைத்துக்கூடக் கதை சொல்கிற மனுஷன் என்னை வைத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரே என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

காரணம் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் முதலில் வேலை பார்த்தது என் வீட்டுக்காரர். மரை போடும் மெஷினில் இருந்தார். நெட்டையான ஆள். நைனாவின் கதைகளில் அவர்தான் நிரந்தரக் கதாநாயகன். தினமும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கும் நைனா என்னைப் போட்டுத் தாளிச்சிட்டாரு" என்பார். பதக்கம் வாங்கி வந்த மாதிரி ஒரு பெருமை. "இன்னா சொன்னாரு?" என்று கேட்டால், "அதெல்லாம் உனக்குச் சொல்லக்கூடாது" என்று சிரிப்பார். நான் கோபித்துக்கொள்வேன். சரி, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். நாளை என்று ஒன்று எப்போதும் இருக்கும் என்ற நினைப்பு.

கல்யாணமாகிப் பதினோரு மாதம்தான் அவரோடு இருந்தேன். நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவள். அவர் வீட்டாரும் எங்கள் ஆட்கள்தான், ஆனால் அவர் தாத்தா காலத்திலேயே வலையை விட்டுப் பொன்னேரிக்கு வந்துவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒற்றை அறையில் குடித்தனம். கொல்லையில் இளநீர் மாதிரி தண்ணீர் உள்ள கிணறு. எல்லாம் இருந்தும் அந்த வீட்டில் எனக்குச் சோறு சப்பென்றுதான் இருந்தது. பிறந்த வீட்டு ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டு வைத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

அவருக்குக் காமாலை கண்டது. வைத்தியர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு, "ஒரு மாசம் உப்பில்லாம சாப்புடணும், முடியுமா?" என்று கேட்டார். மஞ்சள் பூத்த கண்ணோடு படுத்திருந்த மனுஷன் சிரித்தார் பாருங்கள், இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "அதுக்கு இன்னா வைத்தியரே, பழக்கம் தான்" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்கிற நேரமா அது? வைத்தியர் போன பின் அவரோடு அரை நாள் பேசாமல் இருந்தேன். அந்த அரை நாளை யாராவது திருப்பித் தந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். பத்தே நாளில் போய்விட்டார்.

காரியம் முடிந்த பின் கம்பெனியிலிருந்து அவருடைய பொருள்களைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு சீப்பு, ஒரு மாற்றுச் சட்டை. சட்டைப் பையில், மடித்து மடித்து நைந்துபோன காகிதப் பொட்டலம். பிரித்தால் கல்லுப்பு. என் மாமியார் அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் நோய் தீர வேண்டும் என்றால் திருவள்ளூர்ப் பெருமாளுக்கு உப்பும் மிளகும் கொட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள்.

"வேண்டிக்கினு முடிஞ்சி வெச்சிருக்கான்டி. அவனுக்கு உடம்பு சரியில்லன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. உன்னாண்ட கூடவா சொல்லல?"

சொல்லவில்லையே! ஒரே பாயில் படுத்த எனக்குத் தெரியவில்லையே! எத்தனை நாளாக அந்த நோயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் முன்னால் சிரித்தாரோ. முன்பே சொல்லியிருந்தால் பிழைக்க வைத்திருப்பேனே. இப்படி நினைத்து நினைத்து என் நெஞ்சு புண்ணாகிப்போனது. அந்தப் பொட்டலத்தை ஒரு டப்பாவில் போட்டு மூடி, மாமியார் வீட்டுப் பரண் மேல் வைத்தேன். அதைத் தூக்கி எறியவும் மனசில்லை, திறந்து பார்க்கவும் தெம்பில்லை.

கம்பெனியில் எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள், பெட்டி கட்டும் பிரிவில். பொன்னேரியிலிருந்து பாசஞ்சரில் போய் வந்தேன். முதல் நாள் கேன்டீனுக்குள் நுழைகிறேன், ஒரே சிரிப்பு. என்னைப் பார்த்ததும் நைனா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அதற்குப் பின் நான் கை கழுவும் தொட்டியை ஒட்டிய கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். அவர் கதையைத் தொடர்ந்தார். ஆனால் அந்தக் கதைகளில் நெட்டையன் இல்லை. யாரும் என் வீட்டுக்காரர் பேரை என் காதுபட எடுப்பதில்லை. என்னிடம் நைனா பேசுவது ஒரே ஒரு வாக்கியம்தான்: "பெட்டி எல்லாம் சரியா இருக்குதாம்மா?"

தாலியறுத்தவள், இவளைத் தொட்டால் தீட்டு என்று நினைக்கிறார் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த கதை அத்தனையும் அந்த மனுஷன் வாயில் இருந்தது. நான் பார்க்காத என் புருஷன், தினமும் எட்டு மணி நேரம் அங்கே வாழ்ந்த புருஷன், அந்த வாய்க்குள் இருந்தார். அதை எனக்குத் திறக்க மாட்டேன் என்கிறாரே என்ற ஆற்றாமை எனக்கு.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பந்தல் போட்டு நிகழ்ச்சி வைப்பார்கள். நான் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது சென்னையிலிருந்து பலகுரல் கலைஞர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ரயில் மாதிரி, நடிகர்கள் மாதிரி, குழந்தை அழுகிற மாதிரி குரல் மாற்றினார்கள். நடுவில் துணுக்குத் துணுக்காக ஜோக்குகள். நிமிஷத்துக்கு இரண்டு சிரிப்பு. நைனா தூணோரம் நின்று மாணவனைப் போலக் கவனித்தார். அவர்கள் முடித்ததும், "நைனா! நைனா!" என்று ஆட்கள் கத்த, அவரையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை. பேசத் தொடங்கினார், யாரும் சிரிக்கவில்லை. பிறகு புரிந்தது, முகத்தில் அடிக்கிற விளக்கால் அவருக்கு எதிரில் இருப்பவர்கள் தெரியவில்லை. "அந்த லைட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுப்பா, ஆளு தெரியல" என்றார். விளக்கு அணைந்தது. முன் வரிசையில் சோபாவில் மானேஜர். வடக்கிலிருந்து வந்தவர், சிடுமூஞ்சி. நைனா கால்சட்டையைத் தூக்கினார்.

"ஒரு வருசமா நான் திருடனைத் தேடிக்கினு கீறேன்" என்று ஆரம்பித்தார். "தினமும் ஒரு பெட்டில ஒரே ஒரு திருகாணி எடை குறையுது. அப்புறம் தான் கண்டுபுடிச்சேன். மானேஜர் சார் ரவுண்டு வருவாரு. ஒரு திருகாணியை எடுப்பாரு. வெளிச்சத்துல பாப்பாரு. ஒன்னும் புரியாது. எல்லாம் புரிஞ்ச மாதிரி 'ம்ம்'னு சொல்லி பாக்கெட்ல போட்டுக்குவாரு. இன்னிக்கி இந்தக் கும்முடிப்பூண்டியில ஆடாத கட்டிலு, ஆடாத கதவு, ஆடாத நாக்காலி சார் ஊட்ல மட்டும் தான் கீது!"

எல்லோரும் மானேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த கணக்கர் குரலைத் தாழ்த்தி மானேஜருக்கு மொழிபெயர்த்தார். மானேஜர் எழுந்தார். கால்சட்டைப் பையில் கை விட்டார். அன்றைய திருகாணி அங்கேதான் இருந்தது. அதை எடுத்து மேடைக்கு நீட்டினார், அப்புறம்தான் தோள் குலுங்கச் சிரித்தார். பந்தல் பிய்த்துக்கொண்டது. நைனா அந்தத் திருகாணியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் கேன்டீனில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "எப்டி நைனா மானேஜர் மேலயே கையை வெச்ச? வேலை போயிருந்தா?"

"அவரு முன்னாடி குந்திக்கினு இருந்தாரு, வெச்சேன்" என்றார் நைனா. "கூத்துல முன் பாயில வந்து ஒருத்தன் குந்தினான்னா, என்னை இன்னா வேணா சொல்லிக்கோன்னு அர்த்தம். பஞ்சாயத்து பிரசிடெண்டா இருந்தாலும் சரி. பேச்சு வாங்கினவன் சந்தோசமாப் பரிசுக்குத் துண்டு போடுவான். மானேஜரு துண்டுக்குப் பதிலா திருகாணி போட்டாரு. நேத்து வந்த பசங்க இன்னா வேகம்ப்பா! எனக்கு அந்த வேகம் வராது. ஆனா அவங்க ஜோக்கு எந்த ஊர்லயும் சொல்லலாம், யாருக்கும் சொல்லலாம். என்னுது ஆளுக்குச் சொல்ற கதை. ஆளு ஒத்துக்கணும்."

"ஒத்துக்கலன்னா?"

"தொட மாட்டேன். அதுவும் ஊட்ல சாவு வுழுந்தவங்களைத் தொடவே மாட்டேன். அவங்களா எழுந்து வந்து முன்னாடி குந்துற வரைக்கும் நம்ம வாய் பூட்டு. ஒரு வருசம் ஆவட்டும், பத்து வருசம் ஆவட்டும், நாம போய்க் கூப்புடக் கூடாது."

கடைசி பெஞ்சில் என் கையில் கவளம் அப்படியே நின்றது. தீட்டு இல்லை. அவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வருஷமாய் நான் அந்த மனுஷனை மனசுக்குள் திட்டாத திட்டில்லை.

ஆனாலும் எழுந்து போக எனக்கு மூன்று நாள் ஆனது. புருஷனை இழந்தவள் போய்ச் சிரிப்புக் கதைக்கு முன்னால் உட்கார்ந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அதுகூடப் பரவாயில்லை. கேட்கக்கூடாத எதையாவது கேட்டுவிட்டால்? அவருக்கு நோய் இருந்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருந்தால்? நான்காம் நாள் சங்கு ஊதியதும் தட்டை எடுத்துக்கொண்டு நேரே முன் பெஞ்சுக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

நைனா என்னைப் பார்த்தார்.

"நெட்டையன் கதை சொல்லு நைனா" என்றேன்.

அவர் எழுந்து கால்சட்டையை இரண்டு கையாலும் தூக்கினார்.

"ஒரு நெட்டையன் இருந்தான்" என்றார். "கண்ணாலம் ஆச்சி. டிபன் பாக்ஸோட வந்தான். தொறந்தா மீன் கொழம்பு, வாசனை எட்டூருக்கு அடிக்குது. ஒரு வாய் குட்றான்னா குடுக்க மாட்டான். செவுத்தைப் பாத்துத் திரும்பிக்குவான். திரும்பிக்கினு, பீடி மறைக்கிறவன் மாதிரி சட்டைப் பையில வுட்றான் கையை. ஒரு சிட்டிகை எடுக்கறான். கொழம்புல போட்றான். கலக்கறான். அப்புறம் தான் திரும்பறான். நாங்க பயந்துட்டோம். ஒருத்தன் மூக்குப்பொடின்றான். ஒருத்தன், பொண்டாட்டி மருந்து வெச்சிருப்பா, இது முறிவு மருந்துன்றான். ஒரு நாள் நாலு பேரு அமுக்கிப் புடிச்சோம். பொட்டலத்தைப் புடுங்கி நாக்குல வெச்சேன்." நிறுத்தினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "உப்பு!"

கேன்டீன் வெடித்தது. எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. உப்பு என்ற சொல் மட்டும் நின்றது.

"கொழம்பை வாயில வெச்சா, அதுல சுத்தமா உப்பு இல்ல. டேய் நெட்டையா, கடலாண்ட பொண்ணு எடுத்துக்கினு வந்து, கும்முடிப்பூண்டி மளிகைக் கடையில உப்பு வாங்கித் துன்ற ஒரே ஆம்பள நீதாண்டான்னேன். அவன் சொல்றான், அவங்க ஊரு கெணறு கரிப்புத் தண்ணி நைனா, கொழம்புக்கு உப்பே தேவையில்ல. அந்தக் கையி இன்னும் பழகல. சொன்னா மனசு கஷ்டப்படும். அவளே ஒரு நாள் கண்டுபுடிப்பா. அன்னிக்கி 'ஏன் சொல்லல'ன்னு என்னை வெச்சி வாங்குவா பாரு, அதுக்குத் தான் காத்துக்கினு கீறேன்றான்."

நைனா என் பெஞ்சுக்கு நேராக வந்து குனிந்தார். முதல்முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னாம்மா, கண்டுபுடிச்சிட்டியா?"

"எப்போலேந்து அந்தப் பொட்டலம் எடுத்துக்கினு வந்தாரு, நைனா?"

"கண்ணாலம் ஆன மூணாம் நாள்லேந்து."

நோயில்லை. வேண்டுதல் இல்லை. மறைத்ததெல்லாம் என் குழம்பை. பதினோரு மாதம் ஒரு நாள் கூட முகம் சுளிக்காமல், யாருக்கும் ஒரு வாய் கொடுக்காமல், என் மானத்தைச் சட்டைப் பையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, பாவி மனுசா!" என்று கத்திவிட்டேன். நைனாவைப் பார்த்து அல்ல. மொத்த கேன்டீனும் மேசையைத் தட்டிச் சிரித்தது. மறுநாளிலிருந்து நைனா என்னை ஒரு நாள் விடவில்லை. நான் தொட்டால் கடலே சப்பென்று ஆகிவிடும் என்று அவர் கட்டிவிட்ட கதை, அவர் ஊருக்குத் திரும்பிப்போன பின்னும் அந்தக் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதிய பின்னும் நான் பெஞ்சை விட்டு எழவில்லை. கை காய்ந்துபோயிருந்தது. அப்போதுதான் எனக்கு வைத்தியர் நினைவு வந்தார். உப்பில்லாமல் சாப்பிட வேண்டும், முடியுமா என்று கேட்டாரே. மஞ்சள் கண்ணோடு படுத்துக்கொண்டு அந்த மனுஷன் இருமல் வரும்வரை சிரித்தாரே, பழக்கம் தான் என்று.

இரண்டு வருஷம் கழித்து, காலியான கேன்டீனில், முன் பெஞ்சில் உட்கார்ந்து, நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.